முன்பின் தெரியாதவர்கள் மனம்விட்டுப் பேச ஓர் இடம்: வடிவமைப்பதற்கான முழுமையான வழிகாட்டி

நீண்ட ரயில் பயணத்தில், எதிர் இருக்கையில் அமர்ந்திருந்த ஒருவரிடம் வீட்டில் எவரிடமும் சொல்லாத ஒன்றைச் சொல்லிவிட்டு இறங்கிப்போன அனுபவம் பலருக்கும் உண்டு. அந்தச் சில மணி நேர உறவுக்கு ‘ரயில் சிநேகம்’ என்று பெயரே வைத்திருக்கிறோம். ஜெர்மானியச் சமூகவியலாளர் கியோர்க் சிம்மல், அந்நியரைப் பற்றி 1908ஆம் ஆண்டில் எழுதியபோதே இதைக் கவனித்திருக்கிறார். நெருங்கியவர்களிடம் கவனமாக மறைத்து வைப்பதை, தங்கள் வட்டத்தோடு முழுமையாக ஒட்டாத ஒருவரிடம் பாவமன்னிப்புக் கேட்பதைப் போல மனிதர்கள் திறந்து சொல்லிவிடுகிறார்கள் என்பது அவருடைய கருத்து.

ரயில் பெட்டியை எவரும் இதற்காக வடிவமைக்கவில்லை. ஆனாலும் தேவையான சூழல் அங்கே தானாக அமைந்துவிடுகிறது. இருவரும் ஓரிடத்தில் உட்கார்ந்தே ஆக வேண்டும். நேரத்துக்கு ஓர் எல்லை உண்டு. இறங்கிய பிறகு ஒருவருடைய வாழ்க்கையில் மற்றவர் குறுக்கிடப் போவதில்லை. பேசாமல் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாலும் யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள். நூலகத்திலோ, சமூகக் கூடத்திலோ, அருங்காட்சியகத்திலோ, ஒரு செயலியிலோ இந்த நிலைமைகளைத் திட்டமிட்டு உருவாக்குவதே நம் வேலை. நான் பார்த்த பெரும்பாலான முயற்சிகள் பேச்சுக்காகவே மெனக்கெட்டன. மேடை, விளக்கு, ஒலிவாங்கி, அழகான பின்னணி எல்லாம் தயாராக இருக்கும். வந்தவர் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்க அங்கே ஒருவர் இருக்க மாட்டார். கேட்பதற்கான ஏற்பாட்டைச் சரியாகச் செய்துவிட்டால் பேச்சு தானே வரும். இந்த வழிகாட்டியின் படிகள் எல்லாம் அந்த நம்பிக்கையிலிருந்து பிறந்தவை.

முதல் படி: யாருக்காக என்பதை எழுதிவிட்டுத் தொடங்குங்கள்

“இந்த ஏற்பாட்டால் கதை சொல்பவருக்கு என்ன கிடைக்கும்?” என்ற கேள்விக்கு ஒரே வாக்கியத்தில் பதில் எழுதுங்கள். அந்த வாக்கியத்தில் உங்கள் நிறுவனத்தின் பெயரோ, ஆவணப்படம், கண்காட்சி, அறிக்கை போன்ற சொற்களோ வந்தால், நீங்கள் கதைகளைச் சேகரிக்கத் திட்டமிடுகிறீர்களே தவிர, பகிர்வதற்கான இடத்தை அமைக்கவில்லை. சேகரிப்பு தவறான காரியம் அன்று. ஆனால் அதற்கான நெறிகள் வேறு. இரண்டையும் ஒன்றாகக் குழப்பினால் சொல்பவர் ஏமாற்றப்பட்டதாக உணர்வார்.

பெயர் வைப்பதும் இந்தப் படியிலேயே முடிவாக வேண்டும். ஜிம்பாப்வேயில் மனநல மருத்துவர் டிக்சன் சிபாண்டா 2006ஆம் ஆண்டில் ஒரு திட்டத்தைத் தொடங்கினார். பயிற்சி பெற்ற பாட்டிமார்கள் மருத்துவமனை வளாகத்தில் ஒரு மர பெஞ்சில் அமர்ந்து, வருகிறவர்களின் மனச்சுமையைக் கேட்பார்கள். பெஞ்சின் பெயரில் ‘மனநலம்’ என்ற சொல் இருந்தபோது மக்கள் அதை நெருங்கத் தயங்கினார்கள். அதை ‘நட்பு பெஞ்ச்’ என்று மாற்றச் சொன்னவர்கள் அந்தப் பாட்டிமார்களே. பெஞ்ச் அதே பெஞ்ச்தான். அதில் உட்காருபவரைப் பற்றிப் பார்ப்பவர்கள் என்ன நினைப்பார்கள் என்பது மாறிவிட்டது. உங்கள் பலகையில் எழுதும் சொல்லை, அந்தப் பலகையின் கீழே தன்னைத் தெரிந்தவர் ஒருவர் பார்த்துவிட்டால் வருகிறவருக்குக் கூச்சமாக இருக்குமா என்ற கேள்வியை வைத்துச் சோதியுங்கள்.

இரண்டாம் படி: கேட்பவர்களைத் தயார்செய்யுங்கள்

இதற்குத்தான் அதிக நாள் செலவிட வேண்டும். நாற்காலி வாங்குவதற்கு முன்பே, சுவரொட்டி அச்சடிப்பதற்கு முன்பே இதைத் தொடங்கிவிடுங்கள்.

கேட்பது எல்லோருக்கும் தெரிந்த வேலை என்று தோன்றும். ஆனால் அமெரிக்கக் கல்வியாளர் மேரி பட் ரோ 1970களில் வகுப்பறைகளை ஆராய்ந்தபோது, கேள்வி கேட்ட ஆசிரியர்கள் சராசரியாக ஒரு விநாடிதான் பதிலுக்குக் காத்திருந்தார்கள் என்று கண்டார். அந்தக் காத்திருப்பு மூன்று விநாடியாக நீண்டபோது மாணவர்களின் பதில்கள் நீளமாயின, தாமாக முன்வந்து பேசியவர்களும் அதிகரித்தார்கள். பாடத்தில் வரும் கேள்விக்கே இவ்வளவு பொறுமை தேவைப்படுகிறது என்றால், இருபது ஆண்டுகளாக வெளியே சொல்லாத ஒன்றைச் சொல்ல வருபவருக்கு எவ்வளவு தேவைப்படும்?

தன்னார்வலர்களுக்கு நான் கொடுக்கும் முதல் பயிற்சி மிக எளிமையானது. இருவர் இருவராக உட்கார வேண்டும். ஒருவர் மூன்று நிமிடம் பேசுவார். மற்றவர் வாயே திறக்கக் கூடாது. பேச்சு நின்றாலும் அந்த இடத்தை நிரப்பக் கூடாது. ஒருமுறை, பல ஆண்டுகள் பாடம் நடத்திய ஒருவர் கேட்பவராக அமர்ந்திருந்தார். எதிரே இருந்தவர் தன் இறந்துபோன அண்ணனின் சைக்கிளைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். “அதுக்கப்புறம் அப்பா அந்த சைக்கிளை விக்கவே இல்லை” என்று சொல்லி நிறுத்தினார். கேட்பவரின் உதடுகள் பிரிந்தன. ஆறுதலாக ஏதோ சொல்ல வந்தவர், நாற்காலியின் விளிம்பை விரல்களால் அழுத்திப் பிடித்துக்கொண்டு அடக்கிக்கொண்டார். ஐந்தாறு விநாடிகள் கடந்திருக்கும். “யாரும் ஓட்டறதில்லை. ஆனா டயர் மட்டும் மாத்திக்கிட்டே இருப்பார்” என்றார் பேசியவர். அந்த ஐந்தாறு விநாடிகள் இல்லாமல் போயிருந்தால் அந்த டயர் நமக்குக் கிடைத்திருக்காது, பேசியவருக்கும் தன் அப்பாவை அப்படி நினைத்துப் பார்க்கும் வாய்ப்பு கிடைத்திருக்காது.

இன்னும் மூன்று பழக்கங்களைக் கேட்பவர்கள் கைவிட வேண்டும். “எனக்கும் இப்படித்தான்” என்று தன் கதைக்குத் தாவுவது முதலாவது. தீர்வு சொல்வது இரண்டாவது. “கவலைப்படாதீர்கள், எல்லாம் சரியாகிவிடும்” என்று முடித்துவைப்பது மூன்றாவது. அவற்றுக்குப் பதிலாக, சொன்னவர் கடைசியாகப் பயன்படுத்திய சொல்லை அப்படியே மெதுவாகத் திருப்பிச் சொன்னால் போதும். “டயர் மட்டும்...” என்று சொன்னால், அடுத்த வாக்கியம் பெரும்பாலும் வந்துவிடும்.

மூன்றாம் படி: இருக்கை, வெளிச்சம், ஓசை

மனிதர்களை நெருங்கவைக்கும் இடங்கள் என்றும் விலக்கிவைக்கும் இடங்கள் என்றும் 1950களில் பிரித்துக் காட்டியவர் மனநல மருத்துவர் ஹம்ப்ரி ஆஸ்மண்ட். கனடாவில் அவர் பொறுப்பிலிருந்த மருத்துவமனையில், சுவரோரமாக வரிசையாகப் போடப்பட்டிருந்த நாற்காலிகளை உளவியலாளர் ராபர்ட் சோமரும் அவரும் சிறிய மேசைகளைச் சுற்றி மாற்றிப் போட்டபோது, நோயாளிகளுக்கிடையேயான உரையாடல்கள் ஏறக்குறைய இரு மடங்காயின. மேசையின் மூலையைப் பகிர்ந்துகொண்டு செங்கோணத்தில் அமர்ந்தவர்கள், மேசைக்கு இருபுறமும் நேருக்கு நேர் அமர்ந்தவர்களைவிடப் பல மடங்கு அதிகமாகப் பேசிக்கொண்டதையும் சோமர் பதிவு செய்தார்.

காரணத்தை நீங்களே உட்கார்ந்து பார்த்து உணரலாம். நேரெதிரே அமர்ந்தால் கண்ணை விலக்குவதே ஒரு செய்கை ஆகிவிடும். நேர்காணலின் சாயல் வந்துவிடும். மூலையில் அமர்ந்தால் பார்க்க வேண்டும் என்று தோன்றும்போது பார்க்கலாம், வேண்டாதபோது முன்னால் வெறுமனே பார்த்துக்கொண்டிருக்கலாம். ஆகவே நாற்காலிகளைச் செங்கோணத்தில் போடுங்கள். இரண்டும் ஒரே உயரத்தில், ஒரே வகையாக இருக்கட்டும். சொல்பவரின் முதுகு சுவரை நோக்கியும், அவர் பார்வையில் கதவு தெரியும்படியும் அமைந்தால் நல்லது. முதுகுக்குப் பின்னால் ஆள் நடமாட்டம் இருந்தால் குரல் தானாகவே தாழ்ந்துவிடும். நாற்காலி நகர்த்தக்கூடியதாக இருப்பது அவசியம். வந்தவர் உட்காரும் முன் அதைச் சற்றே இழுத்துப் போட்டுக்கொள்வார். அந்த இடம் தன்னுடையது என்று உணர்வதற்கு அந்தச் சிறு அசைவே போதும்.

பதிவுக் கருவியைப் பற்றி ஒரு சொல். ஆரம்பத்தில் நான் அதை மேசையின் நடுவில் வைத்திருந்தேன், வெளிப்படையாக இருக்க வேண்டும் என்ற எண்ணத்தில். ஒரு முதியவர் பேசப் பேச, ஒவ்வொரு வாக்கியத்தின் முடிவிலும் அவர் கண் அதன் சிவப்பு விளக்குக்குப் போய்விட்டுத் திரும்பியது. முக்கியமான இடம் வந்தபோது அவர் நிறுத்திவிட்டு, “இது ஓடிக்கிட்டுத்தானே இருக்கு?” என்று கேட்டார். ஓடுகிறது என்றேன். கதை அங்கேயே முடிந்துவிட்டது. அதன் பிறகு, பதிவு வேண்டுமா என்ற கேள்வியை முதலிலேயே பேசி முடித்துவிட்டு, கருவியைப் பக்கவாட்டில் சொல்பவரின் கைக்கு எட்டும் தூரத்தில் வைக்கிறேன். நிறுத்தும் பொத்தான் எது என்பதை அவருக்கே அழுத்திக் காட்டுகிறேன். ஒளித்து வைப்பது ஒருபோதும் கூடாது.

நான்காம் படி: கேள்விகளை அடுக்கும் விதம்

1997ஆம் ஆண்டில் உளவியலாளர் ஆர்தர் ஆரனும் அவருடைய குழுவினரும் முன்பின் தெரியாதவர்களை இருவர் இருவராக உட்காரவைத்து, 36 கேள்விகளைக் கொடுத்தார்கள். கேள்விகள் மூன்று தொகுதிகளாக இருந்தன. மொத்தம் 45 நிமிடம். தொகுதி மாற மாற, கேள்விகள் மேலும் அந்தரங்கமாகிக்கொண்டே போயின. வெறும் குசலம் விசாரித்த இணைகளைவிட இந்த இணைகள் தங்களுக்குள் அதிக நெருக்கத்தை உணர்ந்தன. இந்த ஆய்விலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியவை இரண்டு: ஏற்றம் படிப்படியாக இருந்தது, இருவருமே பதில் சொன்னார்கள்.

இரண்டாவதற்கு ஓர் எல்லையும் உண்டு. உளவியலாளர் ஸிக் ரூபின் 1975ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வுக்காக விமான நிலையத்தில் காத்திருந்த பயணிகளை அணுகியபோது, தங்களிடம் பேசுபவர் தன்னைப் பற்றி எவ்வளவு சொல்கிறாரோ அதற்கேற்பப் பயணிகளும் தங்களைப் பற்றிச் சொல்வதைக் கண்டார். ஆனால் அந்நியர் எடுத்த எடுப்பிலேயே மிக அந்தரங்கமானதைக் கொட்டினால் சந்தேகம் வந்துவிடுகிறது. கேட்பவர் தன்னைப் பற்றிச் சொல்வது, கதவைச் சிறிது திறந்துவைக்கும் அளவுக்கு இருந்தால் போதும்.

என் முதல் அமர்வுகளில் “உங்கள் வாழ்க்கையின் மிகக் கடினமான தருணம் எது?” என்பதே முதல் கேள்வி அட்டையாக இருந்தது. அதற்கு வந்த பதில்கள் ஏற்கெனவே பலமுறை சொல்லிப் பழகியவையாக இருந்தன. விபத்து, நோய், தோல்வி, அதிலிருந்து கற்ற பாடம் என்று கோவையாக வந்தன. கேள்வி பெரிதாக இருந்தால் மனிதர்கள் முடிவுரையைத்தான் சொல்வார்கள். நிகழ்ச்சியைக் கேட்க வேண்டும், பொருளைக் கேட்க வேண்டும். இப்போது நான் வைத்திருக்கும் வரிசையில் முதல் அட்டை, “உங்கள் பெயரை யார் வைத்தார்கள்?” என்பது. எவரும் பதில் சொல்ல முடிந்த கேள்வி இது. அதே சமயம் அந்தப் பதிலில் ஒரு குடும்பமே எட்டிப் பார்க்கும். அடுத்து, “தூக்கிப் போட மனம் வராத ஒரு பொருள்?” அதன் பின் “கடைசியாக நீங்கள் வழிதவறிப் போனது எப்போது?” நான்காவது அல்லது ஐந்தாவது அட்டையில்தான் இழப்பையோ, பயத்தையோ, மன்னிப்பையோ தொடலாம்.

“ஏன்” என்று தொடங்கும் கேள்விகளைத் தவிருங்கள். அவை சொல்பவரை விளக்கம் கொடுக்க வேண்டிய நிலைக்குத் தள்ளுகின்றன. “அப்போது அந்த அறையில் வேறு யார் இருந்தார்கள்?” என்ற கேள்வி, “ஏன் அப்படிச் செய்தீர்கள்?” என்பதைவிட நிறையக் கொண்டுவரும். ஒவ்வொரு அட்டையிலும் “அடுத்த கேள்வி” என்ற சொல்லும் அச்சாகியிருக்கட்டும். கேள்வியைத் தள்ளிவிட அனுமதி கேட்க வேண்டிய நிலையே வரக் கூடாது.

ஐந்தாம் படி: பேசாமலும் பகிர வழி வையுங்கள்

எல்லோருக்கும் முகம் பார்த்துப் பேச வராது. அவர்களைக் குறைவானவர்களாக எண்ணாமல், அவர்களுக்குரிய வடிவத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். கலைஞர் கேண்டி சாங், நெருங்கிய ஒருவரை இழந்த துயரத்துக்குப் பிறகு, 2011ஆம் ஆண்டில் நியூ ஆர்லியன்ஸ் நகரில் கைவிடப்பட்ட ஒரு வீட்டின் சுவரைக் கரும்பலகையாக மாற்றினார். “நான் இறப்பதற்கு முன்” என்று தொடங்கி நிரப்பவேண்டிய கோடு விட்ட வாக்கியத்தை அதில் வரிசையாக அச்சிட்டு, பக்கத்தில் சாக்கட்டியை வைத்தார். மறுநாளே சுவர் நிரம்பியது. பின்னர் 70க்கும் மேற்பட்ட நாடுகளில் அது போன்ற சுவர்கள் எழுந்தன. அந்தச் சுவரின் சிறப்பு பாதி எழுதிவைத்த வாக்கியத்தில் இருக்கிறது. வெற்றுத் தாளைக் கொடுத்தால் நன்றாக எழுத வேண்டுமே என்ற அச்சம் வரும். பாதி வாக்கியத்தைக் கொடுத்தால் முடிப்பது மட்டுமே மிச்சம். ஏற்கெனவே எழுதப்பட்ட வரிகள் அடுத்தவருக்குத் துணிவும் கொடுக்கின்றன. அதனால் திறப்பு நாளில் சுவரை வெறுமையாக விடாமல், உங்கள் குழுவினரே மனமார நான்கைந்து வரிகள் எழுதிவையுங்கள். சுவருக்கு வந்த நகைச்சுவையையும் வசவையும் என்ன செய்வது என்பதையும், யார் துடைப்பது என்பதையும் முன்கூட்டியே முடிவு செய்யுங்கள்.

பொருளின் வழியாகப் பேசவைப்பது இன்னொரு வழி. குரோஷியாவின் ஜாக்ரெப் நகரில், பிரிந்துபோன இணையர் ஒலிங்கா விஷ்டிட்சாவும் டிராஜென் குருபிஷிச்சும் 2006ஆம் ஆண்டில் முறிந்த உறவுகளின் எச்சங்களைக் காட்சிக்கு வைத்தார்கள். 2010இல் அது நிரந்தர அருங்காட்சியகமானது. கொடுத்தவரின் பெயர் இல்லாமல், பொருளும் அதன் அருகே ஒரு சிறு குறிப்பும் மட்டும் இருக்கும். கை ஒரு பொருளைப் பிடித்திருக்கும்போது கண்ணுக்குப் போக ஓர் இடம் கிடைக்கிறது, நாவுக்கும் தொடங்க ஓர் இடம் கிடைக்கிறது. நேரடி அமர்வுகளிலும் இதைப் பயன்படுத்தலாம். “ஏதேனும் ஒரு பொருளோடு வாருங்கள்” என்று அழைப்பிதழில் ஒரு வரி சேர்த்தால் போதும்.

ஆறாம் படி: அழைப்பும் நேரமும் முடிவும்

பக்கத்தில் இருப்பவருக்குப் பேச விருப்பமிருக்காது என்றே ஒவ்வொருவரும் நினைத்துக்கொள்கிறோம். நடத்தை அறிவியலாளர்கள் நிக்கோலஸ் எப்ளியும் ஜூலியானா ஷ்ரோடரும் 2014ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், சிகாகோ ரயில் பயணிகள் அந்நியரோடு பேசினால் பயணம் இனிமையாக இருக்காது என்றே கணித்தார்கள். பேசும்படி கேட்டுக்கொள்ளப்பட்டவர்களோ, தனியாக இருக்கச் சொல்லப்பட்டவர்களைவிட இனிமையான பயணம் அமைந்ததாகச் சொன்னார்கள். ஆகவே அழைப்பில் உற்சாகமூட்டும் சொற்களைக் குவிப்பதைவிட, “இங்கே ஒருவர் கேட்பதற்காகவே உட்கார்ந்திருக்கிறார், 30 நிமிடம், பெயர் சொல்ல வேண்டியதில்லை” என்று தெளிவாகச் சொல்லுங்கள். தயக்கத்தை நீக்குவது தகவல்தான்.

2003ஆம் ஆண்டில் நியூயார்க்கின் கிராண்ட் சென்ட்ரல் ரயில் நிலையத்தில், மக்களின் கதைகளைப் பதிவுசெய்யும் ஸ்டோரிகோர் அமைப்பு வைத்த சிறு ஒலிப்பதிவுக் கூடத்தில், ஓர் உரையாடலுக்கு 40 நிமிடம் ஒதுக்கப்பட்டது. அது தெரிந்தவர்கள் சேர்ந்து வரும் ஏற்பாடு. அந்நியர்களுக்கு 30 முதல் 45 நிமிடம் பொருந்தும் என்பது என் அனுபவம். அதற்குக் குறைந்தால் பழகுவதற்குள் முடிந்துவிடும். கூடினால் சொல்ல நினைக்காததையும் சொல்லிவிடும் அபாயம் உண்டு. முடிவதற்கு ஐந்து நிமிடம் முன்பே, “இன்னும் ஐந்து நிமிடம் இருக்கிறது, எங்கே கொண்டுபோய் நிறுத்தலாம்?” என்று கேட்க வேண்டும். பிறகு இன்றைய நாளுக்குத் திரும்பவைக்கும் சாதாரணமான ஒரு கேள்வியோடு முடியுங்கள்: இங்கிருந்து எங்கே போகிறீர்கள், எப்படிப் போகிறீர்கள்?

ஏழாம் படி: கதை சொன்னவருக்கே சொந்தம்

ஒப்புதலை இரண்டு முறை வாங்குங்கள். பேசும் முன் கொடுக்கும் ஒப்புதலுக்குப் பொருள் குறைவு. தான் என்ன சொல்லப் போகிறோம் என்று அவருக்கே அப்போது தெரியாது. பேசி முடித்த பின், ஒரு வாரம் கழித்து, எழுத்துவடிவத்தையோ ஒலிப்பதிவையோ அவரிடம் கொடுத்து, எதை வைத்துக்கொள்ளலாம், எதை நீக்க வேண்டும் என்று மறுபடியும் கேட்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2018 மே 25 முதல் நடைமுறையில் உள்ள பொதுத் தரவுப் பாதுகாப்பு ஒழுங்குமுறை, ஒப்புதலைக் கொடுப்பது எவ்வளவு எளிதோ அதைத் திரும்பப் பெறுவதும் அவ்வளவு எளிதாக இருக்க வேண்டும் என்கிறது. அந்தச் சட்டம் உங்களைக் கட்டுப்படுத்தாவிட்டாலும் இந்த அளவுகோலை ஏற்றுக்கொள்ளுங்கள்.

பெயரை நீக்கிவிட்டால் அடையாளம் மறைந்துவிடும் என்று நம்பாதீர்கள். பிறந்த தேதி, பாலினம், அஞ்சல் குறியீடு ஆகிய மூன்றையும் சேர்த்தாலே அமெரிக்க மக்களில் 87 சதவீதத்தினரைத் தனித்து அடையாளம் காண முடியும் என்று கணினி அறிவியலாளர் லட்டான்யா ஸ்வீனி 2000ஆம் ஆண்டில் மதிப்பிட்டார். கதையிலோ தொழில், ஊர், உடன்பிறந்தோர் எண்ணிக்கை, விபத்து நடந்த ஆண்டு எல்லாமே இருக்கும். கதையில் வரும் மூன்றாம் மனிதர்களையும் மறந்துவிடாதீர்கள்; அந்தச் சைக்கிளுக்கு டயர் மாற்றும் அப்பா உங்களிடம் எந்த ஒப்புதலும் தரவில்லை.

எட்டாம் படி: காயம் திறந்தால் என்ன செய்வது

மனத்தில் இருப்பதைக் கொட்டிவிட்டால் உடனே லேசாகிவிடும் என்பது முழு உண்மை அன்று. உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கரும் அவருடைய மாணவர் சாண்ட்ரா பீலும் 1986ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், துயர நிகழ்வுகளைப் பற்றி நான்கு நாட்கள், நாளொன்றுக்கு 15 நிமிடம் எழுதியவர்கள் எழுதி முடித்தவுடன் முன்பைவிட மனம் வாடியே இருந்தார்கள். நன்மை பின்னால் வந்த மாதங்களில்தான் தெரிந்தது. பேரதிர்ச்சிக்கு உள்ளானவர்களை உடனடியாக உட்காரவைத்து, நடந்ததை ஒரே அமர்வில் விவரிக்கச் செய்யும் முறை அவர்களுக்குப் பயன் தரவில்லை என்பதும், சிலருக்குத் தீங்காகவும் முடிந்தது என்பதும் அதன் பிறகு நடந்த ஆய்வுகளில் தெரியவந்தன.

எனவே எவரையும் மேலும் சொல்லும்படி உந்தாதீர்கள். அழுகை வந்தால் அமர்வை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம், நீங்களாகத் தொடரவும் வேண்டாம். தொடரலாமா, சற்று இருக்கலாமா என்று கேளுங்கள். கதவருகே அவசரமில்லாமல் உட்காரக்கூடிய தனி இடம் ஒன்று இருக்கட்டும். தன்னைத்தானே மாய்த்துக்கொள்ளும் எண்ணமோ, குழந்தைக்கு நேரும் தீங்கோ பேச்சில் வெளிப்பட்டால் யாரை அழைப்பது என்பதை ஒவ்வொரு கேட்பவரும் மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும். அத்தகைய நிலையில் ரகசியம் காக்க முடியாது என்பதை அமர்வின் தொடக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும். மறுநாள் ஒரு விசாரிப்பு அழைப்பு போகட்டும். கேட்பவர்களுக்கும் சுமை ஏறும். ஒருவருக்கு ஒரு நாளில் மூன்று அமர்வுகளுக்கு மேல் நான் கொடுப்பதில்லை.

ஒன்பதாம் படி: சிறிதாகத் தொடங்கி, சரியானதை எண்ணுங்கள்

இரண்டு நாற்காலி, ஆறு அட்டை, ஒரு பிற்பகல். இதற்கு மேல் முதல் முயற்சிக்குத் தேவையில்லை. எத்தனை கதை கிடைத்தது என்று எண்ணாதீர்கள். எத்தனை பேர் ஒரு கேள்வியைத் தள்ளிவிட்டார்கள் என்று எண்ணுங்கள். ஒருவருமே தள்ளவில்லை என்றால் மறுக்கும் உரிமை அவர்களுக்கு உண்மையில் எட்டவில்லை என்று பொருள். எத்தனை பேர் பிறகு கேட்பவராக வர விரும்பினார்கள் என்று எண்ணுங்கள். பேச்சின் நடுவே கேட்பவர் குறுக்கிட்ட இடங்களைக் குறித்துவைத்து, அடுத்த பயிற்சியில் அவற்றையே பாடமாக்குங்கள்.

திட்டம் முடியும் நாளையும் தொடங்கும்போதே வடிவமையுங்கள். ஒலிப்பதிவுகள் எங்கே போகும், எந்தத் தேதியில் அழிக்கப்படும், கொடுத்த பொருள் எப்படித் திரும்பும் என்பதை முதல் நாளே காகிதத்தில் எழுதி ஒவ்வொருவர் கையிலும் கொடுங்கள். நான் இப்போது ஒவ்வொரு பதிவையும் சொன்னவருக்கே ஒரு உறையில் போட்டு அனுப்பிவிடுகிறேன். உறையின் மேல் அவர் பெயர் மட்டும் இருக்கும். உள்ளே பதிவோடு, அன்று கேட்டவர் தன் கையெழுத்தில் எழுதிய ஒரு சிறு தாளும் இருக்கும், எந்த இடத்தில் தான் மூச்சுவிட மறந்து கேட்டுக்கொண்டிருந்தார் என்று.